கொம்பு மான் கடந்துபோன காலை

தைஸ்டோவுக்கு அந்த நவம்பரில் ஒரே ஒரு மான் வேண்டியிருந்தது. அதுவும் தனக்கில்லை, தங்கை புருஷன் டெல்பர்ட்டுக்கு.

தங்கை லெம்பி போய்ச் சேர்ந்ததிலிருந்து டெல்பர்ட் தனிக்கட்டை. அவன் மகன் தெற்கே, ஏரியைக் கடக்கும் பெரிய பாலத்துக்கு அப்பால், சோளக்கொல்லைகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு, இங்கே வந்துவிடுங்கள், சமையல்கட்டு ஜன்னலிலிருந்தே மான் சுடலாம் என்று வாராவாரம் போனில் அரித்துக்கொண்டிருந்தான். அதில் பொய்யுமில்லை. மிச்சிகனின் தெற்குப் பக்கத்தில் மான்கள் பெருத்துப்போய் கார்களில் வந்து மோதுகின்றன.

இவர்கள் இருக்கும் வடக்கே நிலைமை தலைகீழ். அடுத்தடுத்து வந்த கொடும்பனிக் காலங்களில், இடுப்பளவு பனியில் தீனி கிடைக்காமல் குட்டிகள் செத்தன, சினைப் பெட்டைகளும் செத்தன. ஓநாய்தான் காரணம் என்று மதுக்கடையில் ஒருத்தன் சத்தியம் பண்ணுவான், அரசாங்கம்தான் என்பான் அடுத்தவன். பனியை மட்டும் யாரும் திட்டுவதில்லை. பனி சொந்தக்காரன் மாதிரி, அவனை எப்படி ஊரறியத் திட்டுவது? பெட்டைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கொம்பு மானைத்தான் சுடலாம், அது கண்ணில் படுவதேயில்லை.

ஒரு காலத்தில், வேட்டைக்கு வந்தால் இவர்கள் தங்கும் மரக்குடிலில் படுக்க இடமில்லாமல் ஆட்கள் மேசைமேல் தூங்குவார்கள். மான் குறையக் குறைய, ஒவ்வொருத்தனாகத் தெற்கே மச்சினன் வீடு, மகள் வீடு என்று சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டான். மிஞ்சியது இந்த இரண்டு கிழங்கள்தான். டெல்பர்ட்டும் இரண்டு வருஷமாக வெறுங்கையோடு திரும்பினான். இந்த வருஷமும் அப்படியானால் அவனும் மகனோடு போய்விடுவான் என்று தைஸ்டோ மனசுக்குள் முடிவே கட்டிவிட்டான். தங்கை போனது போதாதா, இவனும் போகணுமா என்று நினைத்தாலே அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் அவ்வளவு தூரம் நடக்க முழங்கால் வலிக்கிறது என்று புளுகி, தேவதாருச் சதுப்பை ஒட்டிய தன் நல்ல வேட்டைப் பரணை டெல்பர்ட்டுக்குக் கொடுத்தான். தான் குடிலுக்குப் பக்கத்து மேட்டிலிருந்த ஓட்டைப் பரணில் போய் உட்கார்ந்தான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கொம்பு மான் வந்தது. கழுத்து தடித்த, நல்ல வளர்த்தியான மான். கல்லை விட்டெறிந்தால்கூட அடித்துவிடலாம், அவ்வளவு கிட்டம். தைஸ்டோவின் விரல் தானாகத் துப்பாக்கி விசைக்குப் போனது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, போடா ராசா, கீழே உனக்காக ஒருத்தன் காத்திருக்கான் என்று மனசுக்குள் சொல்லி அனுப்பிவைத்தான். மான் அசைந்து அசைந்து சதுப்புப் பக்கம் இறங்கியது.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெடிச்சத்தம் கேட்கவேயில்லை.

மதியம் குடிலுக்கு வந்த டெல்பர்ட், ஈ காக்காகூட வரவில்லை என்று கையை விரித்தான். விறகெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு தைஸ்டோ நேராகச் சதுப்புக்குப் போனான். புதுப்பனியில் எல்லாம் பளிச்சென்று எழுதியிருந்தது. மான் பரணுக்கு நேர்முன்னால் நின்றிருக்கிறது. இரைக்குப் போட்ட ஆப்பிளை ஆற அமரத் தின்றிருக்கிறது. பிறகு மாப்பிள்ளை மாதிரி மெள்ள நடந்து போயிருக்கிறது. டெல்பர்ட் தூங்கிவிட்டானா? இல்லை, ஆள் மட்டும்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறான், மனசு ஏற்கெனவே தெற்கே போய்விட்டதா? அந்த நினைப்பு வந்ததும் தைஸ்டோ விறகெடுக்காமலே குடிலுக்கு நடையைக் கட்டினான்.

திரும்பி வந்தபோது டெல்பர்ட் அடுப்பில் இறைச்சிப் பணியாரத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"தடத்தப் பாத்துட்டேன் மாப்ளே. ஏன்டா சுடல?"

டெல்பர்ட் திரும்பவில்லை. "அந்தத் தடம் உன் பரணத் தாண்டித்தான வந்துருக்கு. நீ ஏன் சுடல?"

"நான் உனக்குன்னு விட்டேன். இந்த வருஷமும் ஒண்ணும் கெடைக்கலன்னா நீ தெக்க போயிடுவேல்ல."

டெல்பர்ட் பணியாரத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான். "ஆளுக்கு ஒரு மானுக்குத்தான் சீட்டு. அதச் சுட்டுட்டா என் கணக்கு முடிஞ்சுது. இன்னைக்கே வண்டில போட்டுக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பணும். அங்க போய் யார் மூஞ்சியப் பாக்குறது? சீசன் இன்னும் நாலு நாள் கெடக்கு மச்சான்."

"அதுக்காக மான விடுவியா, மடையா?"

"மானுக்காகத்தான் நான் இங்க வர்றேன்னு உனக்கு யார் சொன்னது?"

தைஸ்டோவுக்கு இத்தனை நாள் பயந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பவிட்டவனின் சட்டைப் பின்தொங்கலைக் கத்தரித்து, பெயரெழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். இரண்டு வருஷமாகச் சுடுவதற்கே எதுவும் வராததால் தப்பவிடவும் ஆளில்லை. தைஸ்டோ எழுந்து கத்தரிக்கோலைத் தேடி எடுத்தான்.

"நாந்தான் சுடவே இல்லையே," என்றான் டெல்பர்ட்.

"கைக்கு வந்தத விட்டோம்ல? ரெண்டு பேரும்தான். திரும்பு."

இவன் அவனுக்குக் கத்தரித்தான், அவன் இவனுக்குக் கத்தரித்தான். கோணல்மாணலாக இரண்டு துண்டுகள் சுவருக்குப் போயின. டெல்பர்ட் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"ஜில்லுங்குது மச்சான். அடுத்த வருஷம் வர்றப்ப பழைய சட்டையா போட்டுக்கிட்டு வரணும்."

தைஸ்டோ அடுப்பில் விறகு வைப்பது போலக் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.