வெட்டாத பக்கங்கள்

வூஸ்டர் நகரத்து எல்வுட் பிக்ஃபர்டுக்குப் பழைய பேஸ்பால் புத்தகங்கள் என்றால் உயிர். அதிலும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னால் அச்சான ஒரு விதிப் புத்தகத்தை அலமாரியில் சாமி மாதிரி வைத்திருந்தார். மடித்துத் தைத்த தாள்களின் ஓரத்தை வெட்டிப் பிரித்தால்தான் உள்ளே படிக்க முடியும். ஆனால் பழைய புத்தகம் சேர்ப்பவர்களிடம் வெட்டாத பிரதிக்குத்தான் மவுசு. அதனால் அவரும் வெட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி லூயெல்லா வம்புக்கு இழுத்தாள்.

"தரையில ஒரு தடவை குதிச்ச பந்தைப் பிடிச்சா, அந்தக் காலத்துல அவுட்டா, எல்வுட்?"

"இதுல இருக்கும்."

"இருக்குமா? அப்போ நீ படிக்கவே இல்லையா? என்னை விட அதைத்தானே அதிகமா தடவிக் குடுக்கிற!"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பதற்கென்றே இன்னொரு பிரதியை வரவழைத்தார். பார்சலைப் பிரித்ததும் மலர்ந்த முகம் மறுகணமே தொங்கிப்போனது. அதுவும் வெட்டாதது.

லூயெல்லா காய்கறிக் கத்தியை நீட்டினாள்.

"ஐயோ, கிட்ட கொண்டு வராதே!" என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிறகு புத்தக வியாபாரிக்குப் போன் போட்டார்.

"கிழிஞ்சது, காப்பி கொட்டினது, எதுவானாலும் சரி. வெட்டின பிரதி யார்கிட்டயாவது இருக்கா?"

"ஒருத்தர்கிட்ட இருக்கு சார். ஆனா தர மாட்டாராம்."

"ஏனாம்?"

"படிச்சுக்கிட்டிருக்காராம்."