பலாகா கேட்ட இரண்டு கைகள்

1

இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கமாக நகர்ந்து வாருங்கள், கண்ணுகளா. ஒரு கதை வைத்திருக்கிறேன். முழுசாகத் தருவேன் என்று மட்டும் சத்தியம் வாங்காதீர்கள்.

இது எங்கள் ஊர் நாஸ்தோவின் கைகளிலிருந்து பிறந்த கதை. ரொட்டிக்கு ரை மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம், "அன்னைக்கு பலாகா வீட்டுல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டேன். மாவு ஒட்டிய இரண்டு கைகளையும் முதலில் என் முன்னால் நீட்டினாள். பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஃபின்னோ-உக்ரிய மொழிகளின் ஆய்வாளர் லெய்டா, எஸ்தோனியாவிலிருந்து எங்கள் கரேலியாவுக்கு வந்த அந்தக் கோடையில்..."

அடித்துவிட்டேன். எங்களுக்குத் தெரிந்த லெய்டா அவள் இல்லை. டேப் ரெக்கார்டரைத் தூங்கும் பிள்ளையைப்போல் பேருந்திலிருந்து இறக்கியவள் அவள். மீனுக்கும் கைக்கும் ரத்தத்துக்கும் அவள் ஊர்ச் சொல்லும் எங்கள் சொல்லும் அக்கா தங்கையாக இருப்பதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள்.

(எந்த வருஷம் என்கிறீர்களா? எழுபதுகளின் தொடக்கம். பலாகாவுக்குப் பல்லெல்லாம் இருந்த காலம்.)

வலை, சறுக்குவண்டி, பால்வாளி என்று எல்லாவற்றின் பேரையும் வாங்கிக்கொண்டாள். ஒப்பாரி மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் ஒப்பாரியில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதன் பேச்சே தனி. செத்தவர்களுக்கு விளங்குவது அது ஒன்றுதான். அதில் கைதேர்ந்தவள் பலாகா.

"ஒரே ஒரு தடவை அக்கா. சும்மா, பதிவுக்கு."

"சும்மாவா? பொணம் இல்லாம அழுதா, அது ஒரு பொணத்தைக் கேட்டு வாங்கிக்கும்டி. உன் பெட்டிக்காக இந்த நாஸ்தோவைச் சாகச் சொல்லட்டுமா?"

"எனக்குக் கிழங்கு தோண்டற வேலை கிடக்கு," என்றாள் நாஸ்தோ. "இந்த வருஷம் ஒழியாது."

3

இங்கே எனக்கு லெய்டாமேல் சந்தேகம் வந்து, பேனாவை வைத்துவிட்டேன். இவ்வளவு பிடிவாதமா ஒருத்திக்கு? ஆனால் ஒப்பாரி இல்லாமல் திரும்பினால் பல்கலைக்கழகத்தில் அடுத்த கோடைக்கு அவளை அனுப்ப மாட்டார்கள். அந்தப் பேச்சுக்காகவே படித்தவள் அவள்.

கடைசி நாள் மத்தியானம். தேநீர் கொதிக்கும் சமோவாரைச் சுற்றி மூன்று பேர். கடிக்க எடுத்த சர்க்கரைக் கட்டியை லெய்டா திரும்பக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஒரு சாவு இருக்கு அக்கா."

"யாரு?"

"அம்மா. போன பனிக்காலத்துல."

"அழுதது யாரு?"

"யாருமில்ல. வாத்தியம் வாசிச்சாங்க. ஒருத்தர் காகிதத்தைப் பார்த்துப் பேசினார்."

"நீ?"

"மறுநாள் எனக்கு வகுப்பு இருந்துச்சு."

[இந்த இடத்தில் "லெய்டா விம்மினாள்" என்று எழுதியிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை என்றாள் நாஸ்தோ. எடுத்துவிட்டேன்.]

"அப்ப அவ இன்னும் வாசல்லயே நிக்கிறா," என்றாள் பலாகா. "ஆள் வருதுன்னு உள்ள இருக்கற செத்தவங்களுக்கு யாரும் சொல்லலியே."

"அம்மாவுக்கு உங்க பேச்சு தெரியாதே அக்கா."

"அங்க ஒரே பேச்சுதான். இத்தனை மாசத்துல கத்துக்கிட்டிருப்பா. உன்னைப் பெத்தவதானே."

4

பலாகா கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். லெய்டா இடக்கையை நீட்டினாள். வலக்கை பெட்டியின் பொத்தான்மேல் இருந்தது. வந்த வாரமே பொத்தானை அமுங்கி நிற்கவைக்கும் கொக்கி உடைந்துபோயிருந்தது. கோடை முழுக்கக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினாள். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

"ரெண்டு கையும்."

"அக்கா, இதை மட்டும்..."

"ஒத்தக் கையைப் புடிச்சுக்கிட்டு எப்படிடி ஒருத்தியை வழியனுப்பறது?"

லெய்டா பெட்டியைப் பார்த்தாள். பிறகு நாஸ்தோவை. பொத்தானிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கைகளையும் கொடுத்தாள். பெட்டி இப்போது நாஸ்தோவின் மடிக்குப் பக்கத்தில்.

5

பலாகா அழுதாள். அந்த ஒப்பாரியை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிற வீட்டில் பிணமில்லை.

லெய்டா அடுத்த கோடையும் வந்தாள். பல்கலைக்கழகம் அனுப்பி வந்தாளா, சொந்த விடுப்பில் வந்தாளா, நாங்கள் கேட்கவில்லை. நரைத்து, கைத்தடி பிடித்த பிறகும் வந்தாள். அவளுடைய தடித்த அகராதியில் ஒப்பாரிப் பேச்சில் அம்மாவுக்கு என்ன சொல் என்று பார்த்தால், "என்னைச் சுமந்த இனியவள்" என்றிருக்கும். பக்கத்தில் பலாகாவின் பேர். ஒலிநாடாவில் கேட்டு எழுதியதோ, நெஞ்சில் தங்கியதோ.

நாஸ்தோவை விடவில்லை நான். "பொத்தானை அமுக்கினியா, இல்லியா?"

"அழும்போது கையை எங்க வச்சேன்னு யாருக்குடி தெரியும்?" என்று மாவுக்குத் திரும்பிவிட்டாள்.

லெய்டாவின் நாடாக்கள் இருக்கும் தார்த்து நகரத்துக்கு எழுதிக் கேட்டால், அந்த நாடாவில் குரல் இருக்கிறதா, வெறும் இரைச்சலா என்று சொல்லிவிடுவார்கள். எழுதவில்லை. நீங்களே நாஸ்தோவாக அங்கே உட்காருங்கள். பொத்தான் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில். எதிரே ஒருத்தி, அம்மா செத்து, பனியும் உருகி, இப்போதுதான் முதல்முறையாக அழுகிறாள்.

உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. அந்தப் பேச்சு உங்கள் வீட்டுக்கு நெடுங்காலம் வேண்டாதிருக்கட்டும். வேண்டி வரும் நாளில், உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் இருக்கட்டும்.