ஞாயிறு: அப்பா

1

இந்தக் கதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் என் தலையில் கட்டப்பட்டது. கண் பரிசோதிக்கும் பெண், என் இடக்கண்ணை மறைத்துவிட்டு, "கதை எழுதுறவர்னு சொன்னீங்களே, எங்க அப்பாவைப் பத்தி எழுதுவீங்களா?" என்றாள். முழுக்கச் சொல்லி முடித்ததும், "முடிவை மட்டும் மாத்திடுங்க சார். கதையிலயாவது அவர் கதவைத் திறக்கட்டும்" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

2

'அவள் ரொம்ப ஒழுங்கானவள்.' (அடித்துவிட்டேன். சிபாரிசுக் கடிதம் மாதிரி இருக்கிறது.)

மறுபடியும்: வெள்ளிக்கிழமை மதியம், லென்ஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைபேசிச் செயலியில் அடுத்த வாரத்தை அடுக்குவாள். துணி துவைக்க. பல் டாக்டர். ஞாயிறு: அப்பா. தனியாக இருந்த அப்பாவுக்குக் காது மந்தம், போனை எடுக்கவே மாட்டார். அதனால் பஸ் ஓட்டும் அண்ணனும் அதே செயலியில் சேர்ந்திருந்தான். யாருக்கு ஓய்வோ அவர் போவது, போய்வந்தவர் டிக் போடுவது என்று பேச்சு. டிக்கை யார் போட்டது என்று செயலி காட்டாது.

ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். போக வேண்டும் என்று மனசில் பட்டதுமே டிக் போட்டுவிடுவாள். பாதி வேலை முடிந்த நிம்மதி.

அந்த ஞாயிறு காலையிலும் போட்டாள். பிறகு தலைவலி, மாத்திரை, தூக்கம். சாயங்காலம் எழுந்து பார்த்தால் அப்பாவுக்கு நேரே டிக். அண்ணன் போய்விட்டு வந்திருக்கிறான், நல்லவேளை என்று திரும்பிப் படுத்தாள். தான் போட்டது அடியோடு மறந்துபோயிருந்தது.

(இங்கே செயலியைத் திட்டி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். பாவம், அது என்ன செய்யும்?)

3

புதன்கிழமை அப்பா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கதவை உடைத்தார். அப்பா குளியலறைத் தரையில்

இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

"டிக் இருந்துச்சேம்மா, நீ போயிட்டேன்னு நெனச்சேன்," என்றான் அண்ணன்.

"நீ போட்டதுன்னு நெனச்சேண்ணா."

ஞாயிற்றுக்கிழமை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அண்ணன் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

4

வாக்குக் கொடுத்தபடி மாற்றினேன். தலைவலியை எடுத்துவிட்டேன். அவள் போகிறாள், தட்டுகிறாள், கதவு திறக்கிறது. அப்பா, "இப்பத்தான் பெருக்கினேன், செருப்பை வெளிய விடு" என்கிறார்.

கண்ணாடி வாங்கப் போனபோது வாசித்துக் காட்டினேன். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்பாவேதான் சார்." துணியை மடித்துக்கொண்டே, "இதுல நான் டிக் எப்பப் போட்டேன்? போறதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?" என்றாள்.

நான் அதை யோசிக்கவே இல்லை. வந்தபிறகு என்றால் அது வேறு யாரோ ஒரு பெண், இவளுடைய அப்பாவுக்கு அவளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்னாடி என்றால், இந்த வாரம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு வாரம் தலைவலி வந்தே தீரும். எந்தப் பக்கம் எழுதினாலும் அவர் தரையில்தான் கிடக்கிறார்.

என்னால் ஆகவில்லை. நீங்களாவது நிரப்பிக்கொடுங்கள், அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்:

அந்த ஞாயிறு காலை, கைபேசியை எடுத்து, அவள்