கரையிலிருந்து பேசும் குரல்

காலை பத்தரைக்குத் தெருவிலிருந்த எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. கடல் உள்வாங்கிய படம். சேற்றில் சாய்ந்து கிடந்தது எங்கள் ஊர்ப் படகு. பெயர்கூடப் படிக்க முடிந்தது.

பத்து நிமிடத்தில் தெரு காலியாயிற்று. கடல் எப்போதும்போல் இருந்தது. அதே படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடியவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுனாமியன்று நின்று பார்த்தவர்கள்தான் செத்தார்கள்.

“அரியபால அண்ணே, கடலப் பாருங்க,” என்றேன்.

“அன்னிக்குப் பாத்தவன் எவன்டா திரும்பி வந்தான்?” பக்கத்து வீட்டுக்காரர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். “நீ வேணா போயி மீன் பொறுக்கு!”

என் மனைவி திலினி மகளைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு விகாரைக் குன்றுக்குப் போனாள். நான் போகவில்லை. அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடம். தொண்டையில் துளை. கால்மணிக்கு ஒருமுறை சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும்.

குன்றிலிருந்து கடல் தெரியாது. தென்னை மறைக்கும்.

பதினொன்றுக்கு ஒரு காணொளி வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் புரண்டு ஓடியது. எங்கள் நீலக் கதவு உடைந்து மிதந்தது. கீழே ஒரு வரி: கரையிலிருந்து பேசும் குரல்களை நம்பாதீர்கள், அவை இயந்திரம் செய்தவை. முற்றத்தில் நின்று அதைப் பார்த்தேன். காலடியில் மணல் சுட்டது.

திலினியை அழைத்தேன்.

“இங்க ஒண்ணுமில்ல. இறங்கி வா.”



“யாரு நீ?”

“ருக்மால்தான். வேற யாரு?”

“அவரு குரலேதான்,” என்று யாரிடமோ சொன்னாள். “அந்த எரிச்சல்கூட அப்பிடியே இருக்கு.”

“பேச்சுக் குடுக்காதம்மா, வெச்சிரு,” என்றது அரியபாலவின் குரல்.

“திலினி, பாப்பாகிட்ட குடு.”

“எம் புள்ளயக் கூப்பிடாத!” அலறினாள். “அவள விட்டுரு!”

கடலைப் படமெடுத்து அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. மறுபடி அழைத்தேன். என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள்.

அப்பாவுக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தபோது விகாரையின் ஒலிபெருக்கி கரகரத்தது. பிக்குகள் பிரித் சுலோகங்களை ஓதினார்கள். பிறகு, இறந்துபோனவர்களுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று பிக்கு பெயர்களை வாசித்தார். இரண்டே பெயர்கள். முதலில் அப்பாவுடையது. அவர் அசையவில்லை.

அடுத்து என் பெயர்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இயங்கும் அந்த ஒரு கை மெல்ல எழுந்து, செத்தவரைக் கும்பிடுவதுபோல் நெற்றிக்குப் போனது.