இரண்டு வாளும் ஒரே கீறலும்

எங்கள் சங்கத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. பழைய ஹாங்காங் சண்டைப் படங்களில் வந்த பொருள்களை இணைய ஏலத்தில் பிடித்துச் சேர்ப்பவர்கள் நாங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தபால்தலை சேர்க்கப் போய்விடுவார்கள். விதி ஒன்றுதான்: கையிலிருப்பது போலி என்று நிரூபணமானால் ஆள் வெளியே.

தலைவி ஃபுங் சுக் யீ, பல் டாக்டர். 'மூடுபனி மடாலம்' படத்தின் கடைசிச் சண்டையில் கதாநாயகி வீசிய வாள் அவரிடம் இருக்கிறது. பிடிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கீறல். பழைய டிவிடியை நிறுத்திப் பார்த்தால் திரையிலும் அதே இடத்தில் அதே கீறல். இதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்குக் கிடையாது. அந்த வாளால்தான் அவர் தலைவி.

போன வாரம், செல்போன் உறை விற்கும் மாக் டின் போ ஏலத்தளத்தில் ஒரு வாளைப் போட்டார். அதே படம், அதே சண்டை, அதே கீறல். 'இதுதான் அசல். வேறு யாரிடமாவது இருந்தால் என் அனுதாபங்கள்' என்று விளக்கம் வேறு.

டாக்டர் தளத்துக்குப் புகார் கொடுத்தார். மாக் எதிர்ப்புகார் கொடுத்தார். தளம் இருவருக்கும் ஒரே பதில் அனுப்பியது: 'உங்கள் கருத்துக்கு நன்றி.' ஆகவே ஷாம் ஷுய் போவில் நாங்கள் கூடும் தேநீர்க் கடையில் பஞ்சாயத்து.

"என் கிளினிக்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கறதைப் பார்த்துட்டுப் போய்க் கீறியிருக்கே."

"உங்க கிளினிக்குக்கு நான் எதுக்கு டாக்டரம்மா வரணும்? வலி வேணும்னா எனக்கு வீட்லயே கிடைக்குது."

"கீறினது எதால? வீட்டுச் சாவியா?"

"நீங்க எதால கீறினீங்க, பல் குடையற மிஷினா?"

பரிமாறுபவர் பால்தேநீரை மேசையில் அறைந்தார். "வாளை எடுங்க. பன் வைக்க இடமில்ல."

நான் செயலாளர். கல்லூரியில் படிப்பவனுக்கு வேறு வேலை இருக்காது என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை மூலச்சுருளிலிருந்து சுத்தம் செய்து புதுப் பதிப்பு வெளியிட்டிருந்தார்கள். வாங்கி வந்திருந்தேன். தெளிவாகப் பார்த்தால் எந்த வாளின் கீறல் பொருந்துகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா?

லேப்டாப்பில் போட்டேன். கதாநாயகி வாளை வீசினாள். நிறுத்தினேன். பெரிதாக்கினேன். வாள் மழமழவென்று இருந்தது.

பழைய டிவிடியைப் போட்டேன். கீறல் இருந்தது. ஒரு நொடி ஓடவிட்டேன். வாள் நகர்ந்துவிட்டது, கீறல் நகரவில்லை. வாளுக்குப் பின்னால் வந்த பிக்குவின் மொட்டைத் தலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இரவுச் சண்டை. இருட்டில் மறைந்திருந்தது, பளபளப்பாக எது வந்தாலும் தெரிந்தது.

"கீறல் வாள்ல இல்லைங்க. டிவிடிக்கு நகல் எடுத்த படச்சுருள்ல இருந்திருக்கு," என்றேன். "அப்ப ரெண்டு வாளுமே..."

எதிரே இருந்தவர், வில்லன் அணிந்ததாக வாங்கிய தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் பொருத்திப் பார்த்ததும் பழைய டிவிடியில்தான். எல்லோருமே அப்படித்தான்.

"இந்தப் புதுப் பதிப்பை எங்க வாங்கினே, தம்பி?" டாக்டரின் குரல் ஊசி போடுவதற்கு முந்தைய குரல்.

"கடையிலதாங்க."

"கீறலைத் துடைச்சிருக்கானுங்க. வரலாற்றையே துடைச்சிருக்கானுங்க."

"டாக்டரம்மா சொல்றது சரி," என்றார் மாக். அவர் வாயில் அந்த வாக்கியம் வருவது அதுவே முதல் முறை. "படத்துல இருந்ததை எடுத்துட்டா அது அந்தப் படமே இல்ல. போலி."

"அப்ப மொட்டைத் தலையில இருக்கற கீறல்?" என்றேன்.

"ஏன், பிக்குன்னா தழும்பு இருக்கக்கூடாதா?" தொப்பிக்காரர் சீறினார்.

வாக்கெடுப்பு நடந்தது. என்னைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. புதுப் பதிப்பு போலி என்று நிரூபணமானது. அதை வைத்திருந்தவன் நான். தீர்மானத்தை எழுத வேண்டியவனும் நானே. எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

கதவைத் தாண்டுவதற்குள் டாக்டரின் குரல்: "சரி, இப்ப உன் வாளை மேசை மேல வை, திருடா. ரெண்டுல ஒண்ணுதான் அசல்."

"வைக்கறேன், பயந்துடாதீங்க."

லேப்டாப் உள்ளேயே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உறுப்பினர் இல்லாதவங்க கூட்டத்துக்கு நடுவுல பேசக்கூடாது."