சாட்சிப் படத்தில் என் வீட்டுக்காரர்

நான் சபைக்கு வந்த கதையைப் படம் எடுக்கிறோம் என்று திண்டிவனத்துச் சபைக்காரர்கள் ஒலக்கூருக்கு வந்தபோது, உடுத்தியிருந்த சட்டையையே கழற்றிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் முருகையன். விவசாயி வேஷத்துக்குப் புதுச்சட்டை எடுபடாதாம். இவர் கும்பிடுவது மாரியம்மனை. நான் ஞானஸ்நானம் எடுத்தபோது கொழுந்தன்கள் என்னைத் துரத்தப் பார்த்தார்கள். "அவ சாமி அவளுக்கு. உங்களுக்கு இன்னாடா பேஜாரு?" என்று நடுவில் நின்றவர் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போனால், கேப்பைக் களி கிளறிப் பிள்ளைகளுக்குப் போடுவதும் இவர்தான். இத்தனையையும் கேமரா முன்னால் சொன்னேன். போதகர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

2009 மாசியில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் திரை கட்டினார்கள். ஊரே வந்திருந்தது. இவரும் வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்துக் கொறித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் என் வீடு, தையல்நாயகி என்று என் பெயர். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நடிகன் குடித்துவிட்டு வருகிறான். பைபிளைப் பிடுங்கி அடுப்பில் போடுகிறான். எனக்காக நடிக்கிற பெண்ணின் வயிற்றில் உதைக்கிறான். அப்புறம் பாம்பு கடித்து, ஏசப்பா என்று அலறித் திருந்துகிறான். "முருகையா, எப்பய்யா திருந்துன?" என்று கூட்டத்தில் எவனோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இவர் வாயில் போட்டதை மெல்லவே இல்லை.

படம் முடிந்ததும் போதகர் மைக்கில் என்னைக் கூப்பிட்டார். சாட்சி சொல்ல வேண்டுமாம். போனேன்.

"இதுல வர்ற ஆளு எங்க வீட்ல இல்ல. எங்க வீட்டுக்காரரு குடிச்சதில்ல, என்னை ஒரு அடி அடிச்சதில்ல. பொய்ச்சாட்சி பாவம்னு எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதானே அய்யா."

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "இருட்டைக் காட்டுனாதாம்மா வெளிச்சம் தெரியும். அவிசுவாசிய நல்லவனாக் காட்டுனா யாரு சபைக்கு வருவாங்க?"

"நான் வந்தேனே. அவரு நல்லவரா இருக்கப்போய்தான் என்னால வர முடிஞ்சிது."

போதகர் முகம் சுண்டிப் போயிற்று. "நாளைக்குக் கோலியனூர்ல போடறோம். அப்புறம் முகையூரு. இப்பிடிப் பேசிக்கினு இருந்தா உங்களுக்குத் திருவிருந்து கிடையாது, பாத்துக்குங்க."

திருவிருந்து என்றதும் இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன். அந்த அப்பத்துக்காகத்தானே நான் அத்தனை பேச்சு வாங்கினேன். ஆனாலும் அவர் கையை விலக்கி, மைக்கிலேயே சொன்னேன்.

"கோலியனூர்ல போடுங்க, அங்கியும் வந்து இதையேதான் சொல்வேன். முகையூர்ல போட்டா அங்கியும் வருவேன். திருவிருந்து ஆண்டவரோடது. ஞாயித்துக்கிழமை வந்து கை நீட்டுவேன். இல்லேன்னு சொல்றதுன்னா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"பொம்பள நீங்க, இருட்டுன நேரத்துல அவ்ளோ தூரம் எப்பிடி வருவீங்க?" என்றார்.

இவர் அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நான் கூட்டிக்கினு வர்றேங்க அய்யா. அவிசுவாசி எப்பிடி இருப்பான்னு ஜனங்களும் பாக்கட்டும்."