வரதன் வீட்டுக் கனெக்டர்

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்த நிவேதிதா சட்டென்று நிமிர்ந்தாள். பிளாஸ்டிக் தீய்கிற வாடை. ஊதுபத்தி, சம்பங்கி மாலை, வியர்வை எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளால் அப்படி விட முடியவில்லை. அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மூக்கில் ஏறிய வாடை அது.

அப்பா வரதன் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோன் கூரையில் சோலார் ஒயர்களைக் கோக்கும் கனெக்டர்களைச் சரிபார்த்துவிட்டு இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியடியிலேயே உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் பிரசன்னா வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று அம்மா நாகவல்லி சொல்லிவிட்டாள். அவன் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

குமணன்சாவடி முழுக்கப் பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, வரதன் தன் கையால் மாடியில் மாட்டிவைத்த சோலாரில்.

"பாத்தியா, செத்தும் தனக்குத் தானே கரண்ட் குடுத்துக்கினு கீறாரு மனுசன்," என்று எதிர்வீட்டு ராஜகுமாரி சொன்னபோது, அழுதுகொண்டிருந்தவர்களே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நிவேதிதாவும்தான் சிரித்தாள்.

இப்போது டம்ளர்களை வாசற்படியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் கால் வைக்க முடியாத வெயில். பேனலிலிருந்து வரும் ஒயரையும் வீட்டுக்குள் இறங்கும் ஒயரையும் கோத்து வைத்திருந்த கறுப்புக் கனெக்டர் ஒரு பக்கம் உப்பி, பழுப்பேறி, மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. பந்தல்காரன் துணியை இழுத்துப் பேனல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தான். காற்றடிக்கும்போதெல்லாம் அதன் ஓரம் கனெக்டரைத் தொட்டுத் தொட்டுப் போனது. அந்தத் துணிக்குக் கீழேதான் ஊர் சனம் உட்கார்ந்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கனெக்டரின் ஒரு பாதி ஒரு கம்பெனி, மறு பாதி வேறு கம்பெனி.

அப்படிக் கோத்திருப்பதை எந்த மாடியில் பார்த்தாலும் வரதனுக்குப் பொறுக்காது. சொந்தக்காரனைக் கேட்காமலே வெட்டிப் போட்டுவிட்டு அப்புறம்தான் சண்டைக்கு நிற்பார். "டக்குனு பூட்டிக்கும், அதாம்மா மோசம். பூட்டலன்னா எவனும் அப்பிடியே உட்டுட மாட்டான். உள்ள சரியா உக்காராம சூடாயிக்கினே இருக்கும். ஒரு நாள் நல்ல வெயில்ல, நல்ல லோடுல புடிச்சுக்கும்," என்பார். பொங்கலுக்கு மாடியைக் கழுவும்போது இதைக் காட்டி அவள் கேட்டதற்கு, "நம்ம ஊடுதானே, அப்புறமா பாத்துக்கலாம்," என்று சிரித்திருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊர் மாடிக்கெல்லாம் அவ்வளவு பார்த்தீர்களே அப்பா, எங்களுக்கு மட்டும் அப்புறமா என்று மனசுக்குள் கத்தினாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தார் தாய்மாமன் உத்தமன். "இன்னா கண்ணு, இன்னா பொகையுது? இதுவா? புடுங்கி உட்டா முடிஞ்சுது."

அவர் கை நீண்டது.

"மாமா, கை வெக்காதீங்க!" அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். "கரண்ட் ஓடிக்கினு இருக்கும்போது புடுங்கினா நெருப்பு கைமேல பாயும்."

உத்தமன் கையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப கீழ சுச்ச ஆஃப் பண்ணு."

"பண்ணா பெட்டி நின்னுடும். பேட்டரி பழசு, தனியா தாங்காது."

"ஜெனரேட்டர் காலைலயே கேட்டுட்டேன். முகூர்த்த நாளு, எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்குது."

அவள் கீழே வந்து அப்பாவின் பையைக் கவிழ்த்தாள். கைநிறைய கனெக்டர்கள் விழுந்தன. எல்லாம் ஊரில் வெட்டி எடுத்தவை, ஒற்றை ஒற்றையாக. சேர்த்துப் பார்த்தால் ஒரே கம்பெனி ஜோடி ஒன்றுகூடத் தேறவில்லை. நல்ல ஜோடிகளெல்லாம் அடுத்தவர் மாடிகளில் இருந்தன.

"பெட்டி நின்னா வெச்சுக்கினு இருக்க முடியாது, அக்கா. இப்பவே எடுத்துடலாம்," என்று உத்தமன் தணிந்த குரலில் சொன்னார்.

நாகவல்லி பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். "எம்புள்ள மொகம் பாக்காம எடுக்க உடமாட்டேன். யாரும் பெட்டிய நிறுத்தக் கூடாது."

"அம்மா, மேல பத்திக்கப் போவுது."

"பத்திக்கட்டும்."

நிவேதிதா பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். ராஜகுமாரி மடியில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. துணியின் மேலே காற்று மறுபடி எழுந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நடந்து, முதலில் பெட்டியின் சுவிட்சையும் பிறகு பேனலின் சுவிட்சையும் அணைத்தாள்.

பெட்டியின் உறுமல் நின்றது. அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தால் தேவலை.

மாடிக்குப் போய், வெயில் படாதபடி போர்வைகளைப் பேனல்களின் மேல் விரித்து மூடி, பந்தல் துணியை அவிழ்த்து ஒதுக்கி, கனெக்டரைப் பிரித்தாள். மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டுத்தான் பிரிந்தது. பிரிந்த முனைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு, புகை அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி வந்தபோது உத்தமன் மீன் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வரதனைச் சுற்றிப் பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் லேசாக மீன் வாடை.

"இது சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அக்கா. பிரசன்னா பாத்துடுவான்," என்றார் உத்தமன்.

நேற்று ராத்திரி பெட்டிக்குள் வைத்ததிலிருந்து நாகவல்லி வரதனைத் தொடவே இல்லை. இப்போது ஐஸ் பாளத்துக்கு மேலாகக் கையை விட்டு, சேர்த்துக் கட்டியிருந்த அவர் கட்டைவிரல்களைப் பிடித்திருந்தாள். ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பின் பசை ஒரு விரலில் அப்படியே ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

நிவேதிதா சமையலறைக்குப் போய், பசையைக் கரைக்கத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். நாகவல்லி நிமிர்ந்து பார்க்காமலே எண்ணெய்க்கு உள்ளங்கையை நீட்டினாள்.